ஐந்துக்கு ஒன்று

முதலில் எடை பார்த்தோம்,
மீன் நிறுக்கிற தராசில்.
ஏழு கிலோ இருநூறு.
இரும்புச் சங்கிலி, இரும்புச் சக்கரம்,
கோபுரத்துக்குள் நான் ஒளித்த ஈயம் வேறு.
'கைக்குழந்தை கனம்' என்றான் ஆவ்லிஸ்.
கைக்குழந்தையை யாரும்
பனிமேட்டில் ஏறச் சொல்வதில்லை.

லாப்பேன்ரந்தா. பிப்ரவரி.
கார் கொட்டகைக்கு வெளியே மைனஸ் பத்தொன்பது.
காகித ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன் நான்.
இருபது டன் சுருள்
தரையைத் தொடும் கடைசிச் சாண் தூரம்
எத்தனை மூச்சு என்று எனக்குத் தெரியும்.
ஆவ்லிஸ் ஓட்டுவது ஆம்புலன்ஸ்.
மோட்டார் வாங்கப் போன இடத்தில்
சண்டைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவன் எடுத்தது நிமிடத்துக்கு இருபத்தேழாயிரம் சுற்று,
மூன்றுக்கு ஒன்று பல்சக்கரம்.
மேசைமேல் ஓடவிட்டுக் காட்டினான்.
குளவி மாதிரி கத்தியது.
நான் ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
நிஜ டாங்கி மணிக்கு நாற்பது கிலோமீட்டர்,
நம்முடையது பதினாறில் ஒரு பங்கு,
வகுத்தால் இரண்டரை.
எங்கள் தெருத் தபால்காரி வழுக்குப் பனியில்
அதைவிட வேகமாக நடப்பாள்.
'இரண்டரையைத் தாண்டினால்
அது டாங்கி இல்லை ஆவ்லிஸ்,
டாங்கி வேஷம் கட்டிய முயல்.'
அவன் சிரிக்கவில்லை.

என்னுடையது மந்தமானது.
கம்பிச் சுற்று அதிகம், ஓட்டம் குறைவு.
ஒன்பதாயிரம். ஐந்துக்கு ஒன்று. எஃகுப் பல்.
நைலான் பல் என்றால் சிக்கின இடத்தில் பல் போகும்,
எஃகு என்றால் பல் நிற்கும், மோட்டார் கருகும்.
யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆகணும்,
யார் என்பதை மட்டும்
முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
எங்கள் ஆலைக் காகிதத்தில் ஒரு கீற்று விட்டேன்.
கிழியாமல், கொசுவம் வைத்தது போல
மடிப்பு மடிப்பாய் மறுபுறம் வந்தது.
அத்தனை இடைவெளி போதும்.

கவனிக்காமல் விட்டது ஒன்று.
இரண்டு மோட்டாரும் எதிரெதிர் திசை பார்த்து உட்காரும்.
இதற்கு முன்னோட்டம், அதற்குப் பின்னோட்டம்.
உள்ளே பிரஷ் ஒரு கடுகளவு தள்ளி வைத்திருந்தால்
ஒரு பக்கம் மற்றதை முந்தும்.
என் மோட்டார்கள் கழிவு விலையில் வந்தவை,
கடுகளவு தள்ளி வைத்தவை.

மார்ச் ஞாயிறு, சைமா ஏரிக்கரை,
நாற்பது மீட்டர், நடுவில் மேடு.
ஹெல்வி கொடியை இறக்கியதும்
ஆவ்லிஸின் டாங்கி பாய்ந்தது.
பனி தெறித்தது, பிள்ளைகள் கத்தினார்கள்.
மேட்டில் பாதி ஏறி நின்றது.
சங்கிலி நகரவில்லை, குளவி மட்டும் கத்தியது,
பிறகு அதுவும் இல்லை.
வார்னிஷ் தீய்ந்த நாற்றம்.
ஓடிப்போய், மேல்மூடியைத் திறந்து,
நாடி பிடிக்கிற அதே இரண்டு விரலை
மோட்டார்மேல் வைத்தான்.
வைத்த வேகத்தில் எடுத்தான்.

என்னுடையது போனது. போய்க்கொண்டே இருந்தது.
ஒரு நிமிடம் பத்து நொடி.
யாரோ கொட்டாவி விட்டார்கள்.
முதல் பரிசு கோட்காவின் பல் மருத்துவருக்கு.
பல்லைப் பற்றி அவருக்குத் தெரியாததா.

விரல்களைப் பனிக்குள் புதைத்தபடி ஆவ்லிஸ் கேட்டான்:
'இடப்பக்கம் இழுக்குதோ?'
'இல்லையே.'
'நூல்பிடித்தாற்போல் போச்சு, ஆனா
உன் கட்டைவிரல் கடைசிவரை சாய்ந்தே இருந்தது.'
காப்பி வாங்கி வருவதாகச் சொல்லி நழுவினேன்.

வீட்டுக்குத் திரும்பும் சாலை
பதினொரு கிலோமீட்டர், வளைவே கிடையாது.
பக்கத்து இருக்கையில் அவன்
இரண்டு விரலை உயர்த்திப் பிடித்துத் தூங்குகிறான்.
ஸ்டீயரிங்கின் மேல்
என் வலது கட்டைவிரல்
இன்னும் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது.